புது டயருக்கு முன் பழைய டயரைப் படியுங்கள்: ஸ்போர்ட்ஸ் காருக்கு அறிகுறிவாரியான பிழை நீக்கும் வழிமுறை

கிருஷ்ணகிரியிலோ தருமபுரியிலோ டயர் கடைக்குள் போனால் சுவரோரம் லாரி டயரும் டிராக்டர் டயரும் அடுக்கியிருக்கும். கார் பக்கம் ஸ்விஃப்ட்டுக்கும் பொலிரோவுக்கும் போகிற அளவுகள் இருக்கும். 18 இன்ச் ரிம்முக்கு 40 புரொஃபைல் என்று கேட்டால் "ஆர்டர் போட்டுத்தாங்க வரணும்" என்பதுதான் பதில். ஓசூரிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ சேலத்திலிருந்தோ வரவேண்டிய சரக்கு அது. ஒரு எழுத்தை மாற்றிச் சொன்னால் பணம் முடங்கும், காரும் ஒரு வாரம் ஜாக்கி மேல் நிற்கும்.

அதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று உண்டு. பழைய டயர் ஏன் போனது என்று பார்க்காமல் புதுசு மாட்டினால், பழசைத் தின்ற அதே கோளாறு புதுசையும் தின்னும். கழற்றப்போகும் டயர்தான் இருப்பதிலேயே நல்ல சாட்சி. ஆகவே கடைக்குப் போன் போடுமுன் வீட்டு வாசலிலேயே அரை மணி நேரம் செலவிடுங்கள். பட்டன் (சாலையைத் தொடும் பள்ளமும் மேடுமான ரப்பர்) ஆழம் அளக்கும் கேஜ், சொந்தமாக ஒரு காற்றழுத்த கேஜ், டார்ச், சாக்பீஸ், ஒரு குவளை சோப்புத் தண்ணீர் போதும். பெட்ரோல் பங்க் கேஜை நம்பி ஸ்போர்ட்ஸ் கார் டயருக்குத் தீர்ப்பு எழுதாதீர்கள்.

அறிகுறிக்கு முன்: சைடுவாலில் இருக்கும் எழுத்து

ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் 245-ஐ எடுத்துக்கொள்வோம். அதன் சைடுவாலில், அதாவது டயரின் பக்கச் சுவரில், 225/40 ஆர் 18 92 ஒய் எக்ஸ்எல் என்று இருக்கும். 225 என்பது அகலம், மில்லிமீட்டரில். 40 என்பது புரொஃபைல்: சைடுவால் உயரம், அகலத்தில் 40 சதவீதம், அதாவது 90 மி.மீ. 18 என்பது ரிம் விட்டம், இன்ச்சில். இதுவரை எல்லோரும் சரியாகச் சொல்லிவிடுவார்கள். தப்பு நடப்பது மிச்சமிருக்கும் எழுத்துகளில்.

92 என்பது சுமைக் குறியீடு: ஒரு டயர் 630 கிலோ தாங்கும். 91 என்றால் 615, 94 என்றால் 670, 97 என்றால் 730. ஒய் என்பது வேகக் குறியீடு, மணிக்கு 300 கி.மீ. டபிள்யூ 270, வி 240, எச் 210. "நம்ம ரோட்டில் யாருங்க 300-ல போறாங்க, எச் போதும்" என்று கடையில் சொன்னால் தலையாட்டாதீர்கள். வேகக் குறியீடு உயர உயர, டயர் தாங்கக்கூடிய வெப்பமும் கூடும். மே மாத மத்தியானம் சாலையே தணலாக இருக்கும்போது முழு வண்டிச் சுமையோடு கிருஷ்ணகிரியிலிருந்து சேலம் வரை நிறுத்தாமல் ஓட்டினால் அந்த வித்தியாசம் வேலை செய்யும். உற்பத்தியாளர் சொன்ன சுமைக்கும் வேகத்துக்கும் மேலே போகலாம், கீழே இறங்கக் கூடாது.

எக்ஸ்எல் என்றால் கூடுதல் சுமைக்குக் கட்டப்பட்டது. அது கேட்கிற காற்றும் சற்று அதிகம். டிரைவர் கதவைத் திறந்தால் தூணிலோ, பெட்ரோல் மூடியின் உட்புறத்திலோ ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். செகண்ட் ஹேண்டில் வாங்கிய வண்டியென்றால் இது கட்டாயம். முன் உரிமையாளர் மாட்டிய டயரே தப்பான அளவாக இருக்கலாம்.

முன் சக்கரமும் பின் சக்கரமும் ஒரே அளவு என்று நினைத்துவிடாதீர்கள். போர்ஷே 911 கரேரா எஸ், 992 தலைமுறையில், முன்னால் 245/35 இசட்ஆர் 20, பின்னால் 305/30 இசட்ஆர் 21. ரிம் விட்டமே வேறு. இப்படிப்பட்ட வண்டியில் முன்பின் மாற்றிப் போட வழியே இல்லை. பின் டயர் முதலில் தீரும். அதைக் கணக்கில் வைத்துத்தான் வாங்க வேண்டும்.

அளவுக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு நட்சத்திரம் இருந்தால் அது பிஎம்டபிள்யூவுக்கெனச் செய்தது. என்0, என்1 என்றால் போர்ஷே, எம்ஓ என்றால் மெர்சிடிஸ், ஏஓ என்றால் ஆடி. ஒரே பெயர், ஒரே அளவு என்றாலும் இந்தக் குறி உள்ள டயரின் ரப்பரும் உள்கட்டுமானமும் குறி இல்லாததிலிருந்து வேறுபடும். குறி இல்லாததை நான்கிலும் போட்டு ஓட்டுவது பலருக்குச் சரியாகவே இருக்கும். ஒரே அச்சில் ஒன்று குறியோடும் ஒன்று குறி இல்லாமலும் போடுவதுதான் வம்பு.

வெளியே பார்த்தால் புதுசு மாதிரி, உள் ஓரத்தில் கம்பி தெரிகிறது

ஸ்போர்ட்ஸ் காரில் அதிகம் ஏமாற்றும் நோய் இதுதான். நின்றுகொண்டு பார்த்தால் பட்டன் நன்றாகத்தான் இருக்கும். ஸ்டியரிங்கை முழுதாக ஒரு பக்கம் ஒடித்து வைத்து முன் டயரின் உள் ஓரத்தைப் பாருங்கள். பின் டயருக்கு அது முடியாது. செல்போனை வீடியோவில் வைத்து டயருக்குப் பின்னால் நீட்டி, டார்ச் அடித்துப் படம் எடுங்கள். பட்டன் ஆழத்தை உள், நடு, வெளி என்று மூன்று இடத்தில் அளந்து சாக்பீஸால் டயரிலேயே எழுதுங்கள். உள் 2, நடு 5, வெளி 5.5 என்று வந்தால் கதை தெரிந்துவிடும்.

இந்த வண்டிகளில் சக்கரம் மேல்பக்கம் உள்ளே சாய்ந்திருக்கும்படியே செய்திருப்பார்கள். வளைவில் பிடி கிடைக்க அது தேவை. அந்தச் சாய்வான கேம்பர் மட்டும் டயரை இவ்வளவு சீக்கிரம் தின்னாது. அதோடு டோ கெட்டால்தான் சர்வநாசம். டோ என்பது மேலிருந்து பார்க்கும்போது சக்கரம் நேர்கோட்டிலிருந்து உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் கோணம். ஒரு சக்கரம் கால் டிகிரி திரும்பியிருந்தால், ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் அந்த டயர் நாலு மீட்டருக்கு மேல் பக்கவாட்டில் இழுபடும். பெங்களூருக்கு ஒரு முறை போய்வந்தால் அரைக் கிலோமீட்டருக்கு மேல் சாலையில் அரைபட்டிருக்கும். அந்த அரைபடலும் சாய்வினால் பாரம் தாங்கும் உள் ஓரத்தில்தான் விழும்.

கண்ணுக்குத் தெரியுமுன் கைக்குத் தெரியும். வண்டி ஆறியிருக்கும்போது உள்ளங்கையை டயரின் குறுக்கே வெளியிலிருந்து உள்ளே தடவுங்கள், பிறகு உள்ளிருந்து வெளியே. ஒரு திசையில் வழவழவென்றும் மறு திசையில் ரம்பப் பல் மாதிரியும் இருந்தால் டோ போய்விட்டது என்று அர்த்தம். கம்பி வெளியே வந்த டயரில் மட்டும் இதைச் செய்யாதீர்கள், கை கிழியும்.

தீர்வு: முதலில் சக்கரத்தைப் பிடித்திருக்கும் இணைப்புகளில், அதாவது புஷ், பால் ஜாயின்ட், டை ராட் எண்டில், ஆட்டம் பாருங்கள். ஆட்டம் இருக்கும் வண்டிக்கு அலைன்மென்ட் செய்வது தண்ணீரில் கோடு போடுவது. அது சரியென்றால், புது டயர் மாட்டிய அன்றே நாலு சக்கர அலைன்மென்ட். இங்கே பல கடைகளில் முன் டோவை மட்டும் திருகிவிட்டு "ஓகே சார்" என்பார்கள். பின்னால் மல்டிலிங்க் (பல கைகளால் சக்கரத்தைத் தாங்கும் சஸ்பென்ஷன்) உள்ள வண்டியில் பின் டோவை முதலில் சரிசெய்து, பிறகுதான் முன்பக்கம் வரவேண்டும். இல்லாவிட்டால் ஸ்டியரிங் நேராக இருக்கும், வண்டி நண்டு மாதிரி போகும். போன் செய்யும்போதே இரண்டு கேள்வி கேளுங்கள்: பின் சக்கர டோவும் கேம்பரும் திருகுவீர்களா, தாழ்வான பம்பர் உங்கள் ராம்ப்பில் ஏறுமா? திருகுவதற்கு முன் எடுத்த அளவும் திருகிய பின் எடுத்த அளவும் உள்ள பிரிண்ட் தரமுடியாது என்கிற கடையை விட்டுவிடலாம்.

நடுவில் மட்டும் தேய்மானம், அல்லது இரண்டு ஓரமும் மட்டும்

நடு தேய்ந்தால் காற்று அதிகம், ஓரங்கள் தேய்ந்தால் காற்றுக் குறைவு. பின் சக்கரத்தில் சக்தி இறங்கும் பெரிய வண்டியில், ஆக்சிலரேட்டரை அடிக்கடி மிதிப்பவருக்கு, காற்று சரியாக இருந்தும் பின் டயர் நடு கொஞ்சம் முந்தித் தேயும். அதற்காகக் காற்றைக் குறைக்க வேண்டாம்.

நம் பகுதிக்கே உரிய ஒரு குழப்பம் உண்டு. பெங்களூரில் அதிகாலைக் குளிரில் 20 டிகிரியில் 33 பிஎஸ்ஐ பிடித்துவிட்டு மத்தியானம் கிருஷ்ணகிரியில் 38 டிகிரியில் பார்த்தால், வண்டி ஓடாமலே ஏறக்குறைய 36 காட்டும். 10 டிகிரிக்கு ஒன்றரை பிஎஸ்ஐ என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஓடிய சூடு இதற்கு மேல். தொப்பூர் இறக்கத்தில் பிரேக் பிடித்துப் பிடித்து இறங்கி, கீழே நிறுத்தி கேஜ் வைத்தால் 40-ஐத் தொட்டிருந்தாலும் ஆச்சரியமில்லை. டிஸ்க் சூடு ரிம் வழியாக உள்ளே போயிருக்கும். அங்கே காற்றை இறக்கினால் மறுநாள் காலை டயர் பசியோடு நிற்கும். அளப்பது, திருத்துவது எல்லாம் காலையில், வண்டி மூன்று மணி நேரமாவது நின்ற பிறகு. பெங்களூருக்கும் நமக்கும் உள்ள உயர வித்தியாசத்தால் அரை பிஎஸ்ஐதான் மாறும், அதை விட்டுவிடலாம். நைட்ரஜனும் சூட்டில் காற்றைப் போலவேதான் விரியும். ஈரம் இல்லாதது மட்டுமே அதன் லாபம்.

சைடுவாலில் முட்டை மாதிரி ஒரு வீக்கம்

உள்ளே நூல் அறுந்துவிட்டது. காற்று ரப்பரைத் தள்ளிக்கொண்டு வெளியே நிற்கிறது. இதற்கு ஒட்டு இல்லை, வைத்தியம் இல்லை. நெடுஞ்சாலைக்குக் கொண்டுபோகாமல் மெதுவாக வீட்டுக்கு வந்து கழற்றுங்கள்.

காரணம் பெரும்பாலும் குழி. நெடுஞ்சாலையிலிருந்து சர்வீஸ் ரோட்டில் இறங்கும் இடம், மழைத் தண்ணீர் நின்று ஆழம் தெரியாத பள்ளம், பெயின்ட் அழிந்த வேகத்தடை. 35, 40 புரொஃபைலில் ரிம்முக்கும் குழி விளிம்புக்கும் நடுவே எட்டு, ஒன்பது சென்டிமீட்டர்தான். சைடுவால் இரண்டுக்கும் நடுவே மாட்டி நசுங்கும்போது நூல் அறுகிறது. காற்று நாலைந்து பிஎஸ்ஐ குறைந்திருந்தால் இன்னும் சுலபமாக அறும்.

வீக்கம் வந்த பக்கத்து ரிம்மையும் கழற்றிச் சுற்றிப் பாருங்கள். உள் விளிம்பு வளைந்திருந்தால் புது டயர் போட்டாலும் நடுக்கம் போகாது. அலாயை நெருப்பில் காட்டித் தட்டி நேராக்கித் தருகிறேன் என்பவர்களிடம் உஷார். லேசான வளைவை ஹைட்ராலிக் மெஷினில் எடுக்கலாம், வெல்டிங் வைத்த விரிசலை 100 கி.மீ. வேகத்தில் நம்பக் கூடாது.

வருஷத்துக்கு இரண்டு மூன்று டயர் இப்படிப் போகிறதென்றால் ஓட்டும் சாலைக்கும் டயருக்கும் பொருத்தமில்லை. பென்னாகரம், அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை பக்கமே அதிகம் போகிறவர் ஒரு இன்ச் சின்ன ரிம்மை யோசிக்கலாம். 225/40 ஆர் 18-க்குப் பதில் 225/45 ஆர் 17. மொத்த விட்டம் 637-லிருந்து 634 மி.மீ. ஆகும், அரை சதவீத வித்தியாசம்தான். ஸ்பீடோமீட்டர் ஏறக்குறைய அப்படியே இருக்கும். சைடுவால் 11 மி.மீ. கூடும். இரண்டு எச்சரிக்கை. ஒன்று, 17 இன்ச் ரிம் உங்கள் பிரேக் காலிப்பரைத் தாண்டி உட்காருமா என்று மாட்டிப் பார்த்த பிறகே டயர் வாங்க வேண்டும். இரண்டு, அந்த அளவில் கடையில் சாதாரணமாகக் கிடைப்பது 91 சுமைக் குறியீடு. பழையது 92 என்றால் இது போதாது. 94 எக்ஸ்எல் என்று சொல்லி வாங்குங்கள்.

80-லிருந்து 110 கி.மீ. வேகத்துக்குள் நடுக்கம்

ஸ்டியரிங் நடுங்கினால் முன் சக்கரம், சீட் நடுங்கினால் பின் சக்கரம். பிரேக் பிடித்தால் மட்டும் நடுங்கினால் டயரை விட்டுவிடுங்கள், டிஸ்க்கைப் பாருங்கள். இரண்டு வாரம் நிறுத்தியிருந்த வண்டியில் முதல் பதினைந்து, இருபது கிலோமீட்டர் மட்டும் நடுங்கிவிட்டு அடங்கினால், டயர் நின்ற இடத்தில் தட்டையாகி, சூடேறியதும் திரும்ப உருண்டு வந்திருக்கிறது. அதற்குச் செலவு வேண்டாம்.

அடங்கவில்லையென்றால் ரிம்முக்குள் பாருங்கள். பேலன்சிங்குக்கு ஒட்டிய வெயிட் இருந்த இடத்தில் பசை மட்டும் இருக்கும். வாட்டர் வாஷில் பிரஷர் கன் அடித்ததில் விழுந்திருக்கும். பேலன்சிங் செய்தும் தீரவில்லை என்றால், வெளியில் வாங்கிய அலாயாக இருந்தால் நடு ஓட்டைக்கும் ஹப்புக்கும் இடைவெளி இருக்கிறதா என்று பாருங்கள்; வளையம் போட்டால் தீரும். புது டயரின் மேல் மஞ்சள் புள்ளி இருந்தால் அது டயரின் எடை குறைந்த இடம், வால்வுக்கு நேராக வைத்து மாட்டவேண்டும். சிவப்புப் புள்ளி டயரின் உயர்ந்த இடம். ரிம்மில் தாழ்ந்த இடம் குறிக்கப்பட்டிருந்தால் அங்கே வரவேண்டும்.

ஹூம் என்று ஒரு ஓசை, வேகத்தோடு ஏறுகிறது

பட்டனில் இரண்டு மூன்று விரல் இடைவெளிக்கு ஒரு பள்ளம் தட்டுப்பட்டால் ஷாக் அப்சார்பர் செத்துவிட்டது. டயர் சாலையில் குதித்துக் குதித்து ஓடியிருக்கிறது. ஷாக்கை மாற்றாமல் டயரை மாற்றினால் சில ஆயிரம் கிலோமீட்டரில் ஓசை திரும்பிவரும். டயர் சமமாக இருந்து, வளைவில் ஒரு பக்கம் திரும்பும்போது மட்டும் ஓசை கூடினால் வீல் பேரிங்.

ஒரு பக்கமாக இழுக்கிறது

நம் சாலை இடது ஓரம் சரிந்திருப்பதால் லேசாக இடப்பக்கம் போவது இயல்பு. சமதளத்தில் காற்றைச் சரிபார்த்த பிறகும் இழுத்தால் முன் இரண்டு சக்கரத்தையும் இடம் வலமாக மாற்றுங்கள். இழுப்பும் பக்கம் மாறினால் டயரின் கட்டுமானக் கோளாறு, வாரன்டியில் கேட்கலாம். மாறாவிட்டால் அலைன்மென்ட் அல்லது ஒட்டிக்கொண்ட பிரேக் காலிப்பர். சைடுவாலில் சுழற்சி அம்புக்குறி உள்ள டயரை இப்படி மாற்றாதீர்கள்.

மழையில் மிதக்கிறது

ஐப்பசி, கார்த்திகை மழையில் நெடுஞ்சாலையின் தடத்தில் தண்ணீர் தேங்கும்போது ஸ்டியரிங் சட்டென்று லேசாகிவிடும். டயர் தண்ணீரை வெளியேற்ற முடியாமல் அதன்மேல் ஏறி நிற்கிறது. அகலமான டயருக்கு இது சீக்கிரம் வரும். 305 அகலம் தள்ளவேண்டிய தண்ணீரும் அதற்கேற்ப அதிகம். சட்டப்படி 1.6 மி.மீ. வரை ஓட்டலாம், பட்டன் பள்ளத்துக்குள் இருக்கும் சிறு மேடுகள் அந்த அளவைத்தான் காட்டுகின்றன. மழைக்கு அது போதாது. புதிதாக இருக்கும்போது ஏழு, எட்டு மி.மீ. இருந்த ஆழம் 3-க்கு வந்ததும், புரட்டாசிக்குள் மாற்றிவிடுங்கள்.

எந்த வகை வாங்குவது என்ற கேள்வியும் இங்கேதான். சைடுவாலில் ட்ரெட்வேர் என்று ஒரு எண் இருக்கும். மிஷ்லான் பைலட் ஸ்போர்ட் கப் 2-ல் 180, பைலட் ஸ்போர்ட் 4 எஸ்-ல் 300. எண் குறையக் குறைய ரப்பர் மென்மை, பிடி அதிகம், ஆயுள் குறைவு. இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தடத்துக்கு அடிக்கடி போகிறவருக்கு 180 நியாயம். தினசரிப் பயணத்துக்கும் மழைக்கும் அது வேண்டாம். அந்த வகையில் பள்ளமே குறைவு. வெவ்வேறு கம்பெனிகளின் எண்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டு வாங்காதீர்கள். ஒவ்வொரு கம்பெனியும் தானே சோதித்துப் போடும் எண் அது. மழைக்காலத்துக்காக "ஆல் சீசன்" தேடவும் வேண்டாம். அது பனிக்குளிருக்கும் சேர்த்துச் செய்த ரப்பர். நம் வெயிலில் கோடைக்கால டயரே மழையிலும் நன்றாகப் பிடிக்கும்.

பட்டன் நிறைய இருக்கிறது, பிடி மட்டும் இல்லை

ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஓடும் வண்டிக்கு வரும் நோய். தகரக் கொட்டகையில் கோடை கோடையாக வெந்து ரப்பர் கல்லாகிவிடும். நகத்தால் அழுத்துங்கள், தழும்பு விழவில்லையா? பட்டன் பள்ளத்தின் அடியில் மயிரிழை வெடிப்பு தெரிகிறதா? சைடுவாலில் டி.ஓ.டி. என்று தொடங்கும் வரியின் கடைசி நாலு இலக்கம் தயாரித்த தேதி. 2319 என்றால் 2019-ஆம் ஆண்டு 23-ஆவது வாரம். இது டயரின் ஒரு பக்கத்தில் மட்டும் முழுதாக இருக்கும், பெரும்பாலும் உள்பக்கமாகத் திரும்பியிருக்கும். கீழே படுத்துத்தான் படிக்கவேண்டும். ஐந்து வருஷம் தாண்டினால் வருஷாவருஷம் சோதனை, ஆறு தாண்டிய ஸ்போர்ட்ஸ் கார் டயரை ஆழம் பார்க்காமல் மாற்றிவிடுவது எங்கள் கட்சி.

வாங்கும்போது இதே நாலு இலக்கம்தான் பேரத்தின் உயிர். 2020 ஜூனிலிருந்து கார் டயர் இறக்குமதிக்கு மத்திய அரசின் உரிமம் தேவை. அதனால் அதிகம் ஓடாத அளவுகள் விட்டுவிட்டுத்தான் வரும். கிடங்கில் கிடந்த சரக்கும் புதுசு என்ற பெயரில் வரும். ஒரு வருஷத்துக்குள் என்றால் நல்லது. அரிய அளவு என்றால் ஒன்றரை வருஷம் வரை ஒத்துக்கொள்ளலாம். இரண்டு வருஷம் என்றால் விலையைக் குறைக்கச் சொல்லுங்கள் அல்லது விடுங்கள். தேதியை வாட்ஸ்அப்பில் போட்டோவாக வாங்காமல் முன்பணம் போடாதீர்கள். ஐஎஸ்ஐ முத்திரை இருக்கிறதா என்றும் அதே போட்டோவில் பாருங்கள். முத்திரை இல்லாத டயர் முறையாக வந்த சரக்கல்ல, வாரன்டியும் கிடைக்காது. டயருக்கு ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22-இலிருந்து 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்திருக்கிறது. பில்லில் 28 போட்டுத் தந்தால் கேளுங்கள்.

காற்று மெதுவாக இறங்குகிறது

வாரத்துக்கு 3, 4 பிஎஸ்ஐ இறங்கினால் டயரைத் திட்டாதீர்கள். சோப்புத் தண்ணீரை முதலில் வால்வு வாயில், அடுத்து வால்வு ரிம்மில் நுழையும் அடிப்பாகத்தில், பிறகு ரிம் விளிம்பைச் சுற்றி, கடைசியாகப் பட்டனில் ஊற்றுங்கள். சின்னச் சின்ன நுரை விளிம்போரம் சோளப்பொரி மாதிரி மெதுவாக எழும்பினால் ரிம்மின் பெயின்ட் உரிந்து துரு பூத்த இடத்தில் பீடு (ரிம்மில் உட்காரும் டயரின் உள் விளிம்பு) சரியாக உட்காரவில்லை. டயரைக் கழற்றி அந்த இடத்தைத் தேய்த்துச் சுத்தம் செய்து மாட்டினால் போதும். ரிம்மின் உள் வளையத்தில் நுரை வந்தால் விரிசல்.

பட்டனில் ஆணியோ, கிரானைட் லாரியிலிருந்து விழுந்த கூர்ச் சில்லோ இருந்தால் துளை 6 மி.மீ.க்குள், பட்டனின் நடுப்பகுதியில் இருக்கும் வரை ஒட்டலாம். சாலையோரப் பஞ்சர் கடையின் திரி வீடு சேர மட்டும். டயரைக் கழற்றி உள்பக்கமிருந்து காளான் பேட்ச் போடுவதுதான் நிரந்தரம். அப்படி ஒட்டிய டயரைப் பழைய உச்ச வேகத்துக்கு நம்ப வேண்டாம். ஓரத்திலோ சைடுவாலிலோ துளை என்றால் டயர் போனதுதான். உள்ளே ஸ்பாஞ்ச் ஒட்டிய டயரென்றால் அந்த இடத்தில் ஸ்பாஞ்சை வெட்டியெடுத்து ஒட்டத் தெரிந்த ஆள் வேண்டும்.

ரன்ஃபிளாட் கட்டை மாதிரி குதிக்கிறது

ரன்ஃபிளாட் என்பது காற்றுப் போனாலும் கொஞ்ச தூரம் ஓடும்படி சைடுவாலைக் கெட்டியாகச் செய்த டயர். சாதாரண டயருக்கு மாறலாம், நாலையும் சேர்த்து. ஆனால் அந்த வண்டியில் ஸ்டெப்னி வைக்க இடம் இருக்காது. கம்ப்ரசரும் பஞ்சர் கிட்டும் டிக்கியில் இருந்தாகவேண்டும். அரூர் பக்கம் இரவில் சைடுவால் கிழிந்தால் கிட் உதவாது என்பதையும் யோசித்து முடிவெடுங்கள்.

புது டயர் போட்டதும் மஞ்சள் விளக்கு

காற்றழுத்த விளக்கு மட்டும் என்றால் காற்றைச் சரிசெய்து மெனுவில் ரீசெட் செய்யுங்கள். வால்வோடு சென்சார் உள்ள வண்டியில், மாட்டும்போது பீடு சென்சாரில் மோதி உடைந்திருக்கலாம். ஏபிஎஸ், டிராக்‌ஷன் விளக்கும் சேர்ந்து எரிந்தால் அளவில் சந்தேகப்படுங்கள். நாலு சக்கரத்துக்கும் சக்தி போகும் ஆல் வீல் டிரைவில் இது வெறும் விளக்கோடு நிற்காது. இரண்டு டயர் புதுசு 8 மி.மீ., இரண்டு பழசு 3 மி.மீ. என்றால் விட்டத்தில் 10 மி.மீ. வித்தியாசம், நேர்ச் சாலையிலும் முன்பின் சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரிக்கும் சென்டர் டிஃபரன்ஷியல் ஓய்வில்லாமல் உழைக்கும். அப்படிப்பட்ட வண்டிக்கு நாலும் ஒன்றாக வாங்குங்கள், அல்லது வித்தியாசம் 2 மி.மீ.க்குள் இருந்தால் ஜோடி. இரண்டு சக்கர டிரைவில் ஜோடியாக வாங்கலாம். ஒற்றையாக மட்டும் எதற்கும் வேண்டாம்.

மாட்டும் கடையில் உதவிக்கை உள்ள மெஷின் இருக்கவேண்டும். 35 புரொஃபைலைக் கடப்பாரை போட்டு ஏற்றினால் பீடு கிழியும், அலாயும் கீறும். சைடுவாலில் வெளிப்புறம் என்று எழுதிய பக்கம் வெளியே வந்திருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். ஏர் கன்னால் தடதடவென்று இறுக்கவிடாதீர்கள். கையால் நட்சத்திர வரிசையில் போட்டு, இறுக்கும் விசையை அளக்கும் டார்க் ரெஞ்சால் முடிக்கவேண்டும்: ஸ்கோடா, ஃபோக்ஸ்வேகனுக்கு 120 நியூட்டன் மீட்டர், போர்ஷே 911-க்கு 160, ஃபோர்டு மஸ்டாங்குக்கு 204. மற்றதற்குக் கையேட்டைப் பாருங்கள். ஐம்பது, நூறு கி.மீ. ஓடியதும் ஒரு முறை மறுபடி பிடித்துப் பாருங்கள். பெங்களூரில் மாட்டிக்கொண்டு வந்தால் கிருஷ்ணகிரி வந்து சேரும்போது அந்தத் தூரம் முடிந்திருக்கும். வண்டி ஆறியதும் ரெஞ்சை எடுங்கள்.

புது டயர், முதல் நாளே வழுக்குகிறது

தொழிற்சாலையில் வார்ப்பு அச்சிலிருந்து டயர் கழன்றுவரப் பூசிய பொருளின் மிச்சம் மேலே இருக்கிறது. முதல் 200, 300 கி.மீ. வரை திடீர் பிரேக்கும் வளைவில் வேகமும் வேண்டாம், மழையென்றால் இன்னும் நிதானம். அதற்குப் பிறகும் வழுக்கினால் டி.ஓ.டி. இலக்கத்தை மறுபடி படியுங்கள். போட்டோவில் வந்த டயரும் மாட்டிய டயரும் ஒன்றுதானா?